மூன்றடிக்கு ஒன்று

பாகம் பிரித்ததில்
அக்காவுக்கு போர்வெல்,
எனக்கு மாமரம்.
சர்வேயர் சங்கிலி இழுத்து
நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று
மாமாங்கத்தில் கொளுத்துகிற வெயில்.
மதிலுக்குப் பாதிச் செலவு கேட்டேன்.
"மறைப்பு உனக்குத்தானே வேணும்" என்றாள்
சௌடேஸ்வரி,
கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு.

ஏற்காட்டுச் சாலையில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும்
காரிராமன்
இருபத்திரண்டு பைகளை வேனில் ஏற்றியபடி சொன்னார்:
இது வேலி மூங்கில், ஓடாது,
நின்ற இடத்திலேயே தூர் கட்டும்.
மூன்றடிக்கு ஒன்று வையுங்கள்.
நெருக்கி வைத்தால்
ஒன்றையொன்று தின்னும்.

அரையடியில் கடப்பாரை "ணங்" என்றது.
எங்கள் மண்ணுக்கடியில் வெள்ளைக்கல்,
லாரி லாரியாகச் சூளைக்குப் போனது போக
மிச்சமிருக்கும் கல்.
ஆள் வைத்து உடைத்து, வாய்க்கால் எடுத்து,
செம்மண்ணும் சாணி எருவும் கொட்டினேன்.

தண்ணீர்?
அவள் மோட்டார் காலை ஐந்தரைக்கு ஓடும்.
படுக்கையில் கிடந்து கேட்பேன்.
என் மூங்கில்கள்
வாஷிங் மெஷினின் கடைசி அலசல் தண்ணீரைக் குடித்தன.
முதல் அலசலில் சோப்பு இருக்கும்.
அதை வாசலுக்கு ஊற்றினேன்.

முதல் வருடம் ஒன்றுமில்லை.
"துடைப்பமா நட்டிருக்கீங்க?" என்று கேட்டார்
கேஸ் சிலிண்டர் போடுகிறவர்.
அக்கா துணி காயப்போடும் நேரமெல்லாம்
நான் பேப்பர் படித்தேன்.
ஒரே பக்கத்தை.

இரண்டாவது மே மாதம்
சேர்வராயன் மலையிலிருந்து
ஆலங்கட்டியோடு இறங்கியது மழை.
பத்தாம் நாள் குருத்து.
மண்ணைவிட்டு வரும்போது என்ன பருமனோ
அதுதான் அதற்குக் கடைசிவரை.
அப்புறம் உயரம் மட்டுமே.
இதைக் காரிராமன் சொல்லவில்லை.
நூல் கட்டி அளந்து
கரண்ட் அட்டையின் பின்புறம் குறித்துவைத்தேன்,
வேறு வேலை இல்லாதவள்.

மூன்றாம் வருடம் அவள் மறைந்தாள்.
முதலில் கொடியில் தொங்கும் புடவைகள்,
பிறகு முகம்,
கடைசியாகச் சமையலறை விளக்கு.
கேட்டது கிடைத்தது.

ஆனால் மூங்கில் சத்தத்தை மறைப்பதில்லை.
குக்கர் ஆறு விசில் விட்டால் கொண்டைக்கடலை.
மூன்றோடு நின்றால் பருப்பு.
ஒரு வாரம் விசிலே இல்லை,
இருமல் மட்டும்.
வேலி முழுக்க ஒரே சலசலப்பு,
எந்தப் பக்கத்துக் காற்றென்று தெரியவில்லை.

போன் போட்டேன், காரிராமனுக்கு.
முற்றிய கழியைக் களையுங்கள் என்றார்.
கணுவுக்கு மேலே, ஒட்ட வெட்டணும்,
குழலை மிச்சம் வைத்தால் தண்ணீர் நிற்கும்,
கொசு வரும்.
சருகை அள்ளாதீர்கள், அது அதன் சோறு.

களைகிறேன்.
பராமரிப்புதான்.
முற்றிய கழிகளெல்லாம் எப்படியோ
அவள் சமையலறை ஜன்னலுக்கு நேராகவே இருக்கின்றன.

ஓடாது என்றார். ஓடவில்லை.
ஆனால் வருஷத்துக்கு ஒரு சாண் வீதம்
தூர் போர்வெல் பக்கமாக நகர்ந்து
புதுக் குருத்துகள் கோட்டுக்கு அந்தப் பக்கம்.
அவளுடைய மண், என்னுடைய மூங்கில்.
வக்கீல் நோட்டீஸ் வருமென்று
தபால்காரர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுச் சருகை அணைத்துவிடக் குனிந்தபோதுதான் பார்த்தேன்:
அந்தப் பக்கம் பதினொரு வெட்டு.
நான் வெட்டியதல்ல.
புதுக் குருத்து ஒன்றைக்கூடத் தொடவில்லை.
முற்றியது மட்டும்,
கணுவுக்கு மேலே, ஒட்ட.
முந்தாநாள் பெய்த மழை
ஒன்றிலும் தேங்கவில்லை.

எல்லாமே
நான் பேப்பர் படிக்கிற நாற்காலிக்கு நேரே.

இன்று ஐந்தரைக்கு ஓடிய மோட்டார்
ஆறுக்கும் நிற்கவில்லை.
எழுந்து பார்க்கவில்லை.
கழுத்தெல்லாம் நேற்றைய சுணை,
அரித்துக்கொண்டே இருந்தது.